நாபாவுக்குப் பதிலாக லோடை: நான்கு பேர், ஓர் இரவு, ஏறத்தாழ 550 டாலர்

கேள்வி: கலிஃபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் வசிக்கிறோம். நாங்கள் நான்கு பேர், ஒரு வார இறுதியில் ஒயின் சுவைத்துப் பார்க்கப் போக விரும்புகிறோம். ஒயினுக்குப் பேர்போன நாபா பள்ளத்தாக்கு கட்டுப்படியாகாது, அங்குள்ள பகட்டும் எங்களுக்கு ஒத்துவராது. ஒயினைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாதவர்கள் கூச்சமில்லாமல் போய்வரக்கூடிய சிறிய ஊர் ஏதேனும் உண்டா? எந்த மாதம் போகலாம்?

பதில்:

உண்டு. ஆங்கில எழுத்தில் பார்த்தால் நம்மவர்கள் அந்த ஊரின் பெயரை ‘லோடி’ என்றுதான் படிப்பார்கள். அங்கே போய் அப்படிச் சொன்னால் சிரித்துக்கொண்டே ‘லோடை’ என்று திருத்துவார்கள். ஸாக்ரமெண்டோவுக்குத் தெற்கே சுமார் 55 கிலோமீட்டர், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சுமார் 145 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 66,000க்குச் சற்று மேல். நானும் என் மனைவியும் பே ஏரியாவில் இருக்கும் ஃபிரீமாண்டிலிருந்து நான்கு முறை அங்கே போய்வந்திருக்கிறோம். கடைசி முறை உங்களைப் போலவே இன்னொரு தம்பதியுடன் நால்வராகப் போனதால், கீழே நான் தரும் கணக்கு உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

ஒயின் பயணத்தில் பணம் எங்கே கரைகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் ஒயினில் அல்ல. நாபாவில் பல இடங்களில் சுவைப்பதற்கு மட்டுமே தலைக்கு 50 டாலருக்கு மேல் வாங்குகிறார்கள்; அந்தத் தொகையில் நிலத்தின் விலை, கல் மாளிகை, அதன் முன்னால் இருக்கும் நீரூற்று, பளபளக்கும் மேசை எல்லாம் அடங்கியிருக்கின்றன. ஆகவே கூப்பன் தேடுவதைவிட, அந்தச் செலவெல்லாம் இல்லாத ஊரைத் தேர்ந்தெடுப்பதே சிக்கனத்தின் முக்கால் பங்கு. லோடையில் சென்ற முறை நாங்கள் கொடுத்தது தலைக்கு 15 டாலர். பாட்டில் வாங்கினால் அதையும் கழித்துவிட்டார்கள்.

அங்கே ஏன் மலிவு என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் ‘மலிவு என்றால் மட்டமோ’ என்ற சந்தேகம் நமக்கு எளிதில் வரும். லோடையின் திராட்சை வெகுகாலம் அடுத்தவர் பாட்டிலுக்குள் போன திராட்சை. முதலில் அது ஃபிளேம் டோக்கே என்ற, அப்படியே சாப்பிடும் சிவப்புத் திராட்சைக்குப் பெயர் பெற்ற ஊர். 1907இல் அந்தத் திராட்சைக்காக நடத்திய திருவிழாவுக்குக் கட்டிய தோரண வாயில், உச்சியில் ஒரு கரடிச் சிலையுடன் இன்றும் டவுன்டவுனில் நிற்கிறது. 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு இருந்தபோது பல ஒயினரிகள் மூடப்பட்டன, லோடை பிழைத்துக்கொண்டது. காரணம், ஒரு குடும்பம் ஆண்டுக்கு 200 கேலன் வரை வீட்டிலேயே ‘பழச்சாறு’ தயாரித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்திருந்தது, அந்தச் சாறு பீப்பாயில் என்னவாக மாறுகிறது என்று எவரும் எட்டிப் பார்க்கவில்லை. கிழக்குக் கரையில் குடியேறியிருந்த இத்தாலியக் குடும்பங்களுக்கு இங்கிருந்து ரயில் ரயிலாகத் திராட்சை போயிற்று. அந்த வியாபாரத்துக்காக 1920களில் மின்னசோட்டாவிலிருந்து இங்கே குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தின் பிள்ளைதான், பின்னாளில் 1966இல் நாபாவில் சொந்த ஒயினரி தொடங்கி அந்தப் பள்ளத்தாக்கையே உலகறியச் செய்த ராபர்ட் மொண்டாவி. அவர் படித்தது லோடை உயர்நிலைப் பள்ளியில். நாபாவின் மிகப் பெரிய பெயரே லோடையிலிருந்து புறப்பட்டுப் போனதுதான் என்று எங்கள் நண்பரிடம் சொன்னபோது, அவர் தன் கோப்பையை மறுபடி ஒரு முறை முகர்ந்து பார்த்தார்.

தன் பெயரை பாட்டிலின் முகப்பில் போட்டுக்கொள்ளும் பழக்கம் இந்த ஊருக்குச் சற்றுத் தாமதமாகவே வந்தது. தனி ஒயின் வட்டாரமாக அரசு இதை அங்கீகரித்ததே 1986இல்தான். இன்று எண்பதுக்கும் மேற்பட்ட ஒயினரிகள் இருந்தாலும், அவற்றில் பல இன்னும் விவசாயி வீட்டுக் களத்தில் போட்ட கொட்டகையாகவே இருக்கின்றன. நாங்கள் போன ஓர் இடத்தில், புழுதி படிந்த பூட்ஸுடன் வந்து ஊற்றியவரை வேலையாள் என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்தோம். அரை மணி நேரம் கழித்துத்தான் தோட்டமே அவருடையது என்று தெரிந்தது. உங்களுக்கு ஒயின் தெரியாது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்ன ஒவ்வோர் இடத்திலும் எங்களுக்குக் கணக்குக்கு மேல் ஒன்றிரண்டு ஊற்றிக் காட்டியிருக்கிறார்கள்.

லோடைக்கு வந்தால் குடித்துப் பார்க்க வேண்டியது சின்ஃபண்டெல் என்ற சிவப்புத் திராட்சையின் ஒயின். இந்தத் திராட்சையின் பூர்வீகம் குரோஷியா என்று 2001இல் மரபணுச் சோதனையில் தெரியவந்தது. இத்தாலியில் ப்ரிமிட்டிவோ என்று விற்பதும் இதே திராட்சைதான். இதன் குணம் ஒரே குலையில் பழங்கள் சீராகப் பழுக்காதது. சில இன்னும் காயாக இருக்கும்போதே பக்கத்தில் இருப்பவை உலர்ந்து கிஸ்மிஸ் ஆகிவிடும், ஆகவே சர்க்கரை கூடும், சர்க்கரை கூடினால் சாராய (ஆல்கஹால்) அளவும் கூடும். பாட்டிலின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் 15 சதவீதம் என்று இருப்பது இங்கே சாதாரணம். வயதான கொடிகளின் ஒயினையும் கேட்டுப் பாருங்கள். லோடையின் மண் மணற்பாங்கானது என்பதால், உலகெங்கும் திராட்சை வேர்களைத் தின்றழித்த ஃபைலாக்ஸெரா பூச்சி இங்கே சரியாகப் பரவ முடியவில்லை. ஆகவே நூறு வயதைத் தாண்டிய கொடிகள் தம் சொந்த வேரிலேயே நிற்கின்றன. பெக்தோல்ட் தோட்டத்தில் 1886இல் நட்ட சின்ஸோ என்ற சிவப்புத் திராட்சைக் கொடிகள் இன்னும் காய்க்கின்றன. கொடி என்று சொல்கிறேனே தவிர, கம்பிப் பந்தல் எதுவும் இல்லாமல் இடுப்புயரத்தில் ஒவ்வொன்றும் தனி மரம்போல முறுக்கி நிற்கும். அடிப்பாகம் உரல் அளவுக்குப் பருத்திருக்கும். தோட்டக்காரர் அனுமதியோடு நான் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்தேன். விபூதியைவிடச் சற்றே கரடாக, விரலிடுக்கில் வழிந்து போயிற்று.

இனி திட்டம். ஒரு நாளில் மூன்று இடங்கள் போதும். நான்காவதில் நாக்கு மரத்துவிடும், வாங்கிய பாட்டில் ஏன் வாங்கினோம் என்று மறுநாள் நினைவிருக்காது. ஒரு முறை ஊற்றுவது சுமார் 30 மில்லி, ஐந்து வகை ஊற்றினால் 150 மில்லி, அதாவது ஒரு முழுக் கோப்பை. மூன்று இடங்கள் என்றால் 15 சதவீத ஒயினில் மூன்று கோப்பை, அது ஒரு மதியத்துக்கு அதிகம். ஆகவே இரண்டு பேருக்கு ஒரு டேஸ்டிங் என்று கேட்டுப் பகிர்ந்துகொள்ளுங்கள். செலவும் பாதி, போதையும் பாதி. இதில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சங்கடம் உண்டு: எச்சில். டம்ளரை அண்ணாந்து குடித்துப் பழகியவர்களுக்கு ஒயின் கோப்பை உதவாது. இன்னொரு காலிக் கோப்பை கேட்டால் முகம் சுளிக்காமல் தருவார்கள், பாதியை அதில் மாற்றிக்கொள்ளலாம். பிடிக்காததை மேசை மேல் இருக்கும் வாளியில் கொட்டுவதும், சுவைத்துவிட்டு அதில் துப்புவதும் அவமரியாதை அல்ல. காரோட்டப் போகிறவர் அப்படித்தான் செய்ய வேண்டும், அதைவிட அவர் குடிக்காமலே இருப்பது நல்லது. இங்கே சட்ட வரம்பு ரத்தத்தில் 0.08 சதவீதம், பிடிபட்டால் ஆகும் செலவில் பத்து முறை நாபா போய்வரலாம். திறந்த பாட்டிலைக் காருக்குள் வைக்கவும் கூடாது, டிக்கியில்தான் வைக்க வேண்டும். அன்று மணம் தூக்கலான சென்ட்டையும் தவிர்த்துவிடுங்கள். பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்து ஒயினின் வாசனை கெட்டுவிடும்.

காரே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. ஸ்கூல் தெருவிலும் அதையொட்டிய தெருக்களிலும் நடந்தே போகக்கூடிய டேஸ்டிங் ரூம்கள் இருக்கின்றன. ஆம்டிராக் ரயில் நிலையமும் அங்கிருந்து நடைதூரம்தான். ஆனால் முதல் முறை போகிறவர்கள் ஒரு தோட்டத்தையாவது பார்த்துவிட வேண்டும் என்பது என் எண்ணம்; டவுனில் மட்டும் சுற்றினால் அது இன்னொரு மதுக்கடை என்றே மனத்தில் நிற்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் நாங்கள் ஒரு பாடம் கற்றோம். பணத்தை மிச்சப்படுத்தலாம் என்று முதல் முறை வீட்டிலிருந்து மிளகாய்ப்பொடி தடவிய இட்லி கொண்டுபோய், ஒரு ஒயினரியின் புல்வெளியில் அனுமதி கேட்டு உட்கார்ந்து, சின்ஃபண்டெலுடன் சாப்பிட்டோம். சாராயம் கூடிய ஒயின் மிளகாயின் எரிச்சலைத் தூண்டிவிடும். மனைவி இரண்டாவது வாய்க்கே தண்ணீர் பாட்டிலைத் தேடினாள். அடுத்த முறை அதே இட்லிக்கு அல்பாரின்யோ என்ற வெள்ளை ஒயினைக் குளிர வைத்துக் குடித்தோம். எலுமிச்சைச் சாயலும் லேசான உப்புமாக, பொடியின் காரத்தை அமர்த்தி எள்ளின் வாசனையை மேலே கொண்டுவந்தது. ஸ்பானியத் திராட்சை வகைகளை வளர்க்கும் போகிஷ் தோட்டத்தின் அல்பாரின்யோ அது. சைவக்காரர்களுக்கு டவுனில் மெக்சிகன் கடைகளும் கைகொடுக்கும்.

கணக்கு இதோ. இரண்டு அறைகள், ஆடம்பரமில்லாத மோட்டல், ஓர் இரவுக்கு 220 டாலர். மூன்று இடங்களில் இரண்டிரண்டு டேஸ்டிங்காக 90 டாலர். இரண்டு இடங்களில் மும்மூன்று பாட்டில் வாங்கியதால் அங்கெல்லாம் கழித்துக்கொடுத்தார்கள், கையிலிருந்து போனது 30. ஆறு பாட்டில்கள் சராசரி 24 டாலர் வீதம் 144. பெட்ரோல் 30, சாப்பாடு 130. ஆக 554 டாலர், தலைக்கு 140க்கும் குறைவு. அறைதான் பெரிய செலவு என்பதைக் கவனித்திருப்பீர்கள். சனி இரவுக்குப் பதில் வெள்ளி இரவு தங்கினால் அதிலும் குறையலாம். பல டேஸ்டிங் ரூம்கள் வெள்ளி முதல் ஞாயிறு வரை காலை 11 மணியிலிருந்து மாலை 5 மணி வரைதான் திறந்திருக்கும், ஆகவே வெள்ளி மதியமே போய்விட்டால் ஊற்றுகிறவருக்கும் உங்களுடன் பேச நேரம் இருக்கும். நான்கு பேருக்குப் பெரும்பாலும் முன்பதிவு தேவைப்படவில்லை. ஆறு பேருக்கு மேல் என்றால் போன் செய்துவிட்டுப் போங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவையோ மாமனாரையோ அழைத்துப் போவதானால் அவருடைய பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நரைத்த தலையைப் பார்த்தும் வயதுச் சான்று கேட்கும் இடங்கள் இருக்கின்றன.

போகிற வழியில் ஸ்டாக்டன் வரும். அங்கே 1912இல் பஞ்சாபி விவசாயத் தொழிலாளர்கள் அமைத்த குருத்வாரா, அமெரிக்காவின் முதல் குருத்வாரா. பார்க்க விரும்பினால் ஒயினுக்கு முன்பே, காலையிலேயே போய்விடுங்கள். குடித்துவிட்டு அந்தப் படியேறக் கூடாது.

எந்த மாதம் என்று கேட்டிருந்தீர்கள். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். ஜூலையில் ஒரு முறை, வாங்கிய நான்கு பாட்டில்களை டிக்கியில் வைத்துவிட்டு லோடை ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டோம்; திரும்பி வந்து பார்த்தால் ஒரு பாட்டிலில் தக்கை அரை அங்குலம் மேலெழும்பி, சிவப்புச் சாறு அட்டைப்பெட்டியை நனைத்து விரிப்பு வரை போயிருந்தது. அந்தக் கறை இன்னும் காரில் இருக்கிறது. வெயில் காலத்தில் போய்த்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு தெர்மோகோல் பெட்டியும் ஐஸும் எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் அறுவடை மும்முரம், பார்க்க அழகுதான், ஆனால் தோட்டக்காரர்களுக்கு நம்மோடு பேச நேரம் இருக்காது. ஏப்ரல், மே நன்றாக இருக்கும். மே மாதக் கடைசியில் சாலையோரக் கடைகளில் செர்ரியும் கிடைக்கும்.

என்னைக் கேட்டால் நவம்பர். கொடிகள் இலை பழுத்து நிற்கும், கூட்டம் இருக்காது. அதோடு, வடக்கேயிருந்து குளிர்காலத்துக்கு வந்திறங்கும் சாண்ட்ஹில் கிரேன் என்ற பெருங்கொக்குகள் ஊருக்கு மேற்கே நீர் தேங்கிய வயல்களில் இரவு தங்கும். ஒயினரிகள் ஐந்து மணிக்கு மூடும்போது சூரியன் பெரும்பாலும் மறைந்தோ மறையும் தறுவாயிலோ இருக்கும், ஆகவே அன்று கடைசி டேஸ்டிங்கை நான்கு மணிக்குள் முடித்துக்கொண்டு, காரோட்டுபவரை நம்பி, வயல் ஓரச் சாலைக்குப் போய்விடுங்கள். முதலில் குரல்தான் வரும், தொண்டைக்குள் உருட்டிவிட்ட எக்காளம்போல. பிறகு நெற்றியில் சிவப்பு வைத்த, நான்கடி உயரப் பறவைகள் நூற்றுக்கணக்கில் கால்களைத் தொங்கவிட்டபடி இறங்கும். சாலையோரத்தில் நின்று பார்க்கக் கட்டணம் எதுவும் இல்லை. ஸ்வெட்டர் மட்டும் மறக்காதீர்கள்.