மொழிக் கேள்வி பதில்: போர்னியோவின் கென்யாஹ் மொழிகள்

கேள்வி: கென்யா மொழியைப் பற்றி ஒரு குறிப்பு படித்தேன். அது ஆப்பிரிக்க மொழியா? சுவாஹிலிக்கு உறவா?
– வாசகர், மதுரை

பதில்: இல்லை. தமிழில் எழுதினால் நாட்டின் பெயரும் இந்த மக்களின் பெயரும் ஒன்றாகிவிடுகின்றன, அவ்வளவுதான். குழப்பம் வராமலிருக்க இங்கே 'கென்யாஹ்' என்றே எழுதுகிறோம். போர்னியோ தீவின் நடுப்பகுதியில் பேசப்படும் மொழிகள் இவை. காயான் ஆறு தொடங்கும் அப்போ காயான் மேட்டுநிலம்தான் பெரும்பாலான கென்யாஹ் குழுக்கள் தங்கள் பூர்வீகமாகச் சொல்லும் இடம். இன்று அது இந்தோனேசியாவின் வடக்குக் கலிமந்தான் மாநிலத்தில் இருக்கிறது. அங்கிருந்து மலேசியாவின் சரவாக் மாநிலத்துப் பாராம், பாலுய் ஆற்றோரங்களுக்கும் கிழக்கே மகாகம் ஆற்றுப் பக்கமும் பல தலைமுறைகளாக இறங்கி வந்திருக்கிறார்கள்.

ஒரே மொழி என்று எண்ணிவிட வேண்டாம். லெப்போ தாவ், படெங், பாக்குங், லெபு கூலிட், ஓமா லோங், செபோப் என்று பல உண்டு. லெப்போ தாவ் மற்றக் குழுக்களுக்கும் ஓரளவு பழக்கமானது. ஓமா லோங்கில் உயிரொலிகள் வெகுவாக மாறிப்போனதால் மற்றவர்களுக்கு அது சட்டென்று பிடிபடாது.

கேள்வி: மிரியில் வேலை செய்கிறேன். கயான் மக்களும் கென்யாஹ் மக்களும் பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வசிக்கும் ஒரே மாதிரி நீள்வீடுகளில் வாழ்கிறார்கள், ஒரே மாதிரி சாப்பே என்ற நரம்பிசைக் கருவியை வாசிக்கிறார்கள். இரண்டு பேரையும் 'ஓராங் உலு' என்றுதான் சொல்கிறார்கள். மொழியும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகத்தானே இருக்க வேண்டும்?
– வாசகர், மிரி

பதில்: அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். 'ஓராங் உலு' என்றால் ஆற்றின் மேல்பகுதி மக்கள். அது வாழிடத்தைச் சொல்லும் பெயர், மொழி உறவைச் சொல்வதில்லை. வீடு, இசை, பச்சைகுத்து எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தாலே பரவிவிடும். கென்யாஹ்வுக்கு மொழியில் நெருங்கிய சொந்தங்கள் பாரியோவின் கெலாபிட், லாவாஸ் பக்கத்து லுன் பாவாங், கீழ்ப் பாராமின் பெராவான், கிபுட், கடலோரத்துப் பிந்துலு ஆகியவை. இவற்றை ஒன்றுசேர்த்து 'வட சரவாக்' கிளை என்கிறார்கள். கயான் இந்தக் கிளையில் இல்லை.

இதை நிறுவியவர் மொழியியலாளர் ராபர்ட் பிளஸ்ட். 1971இல் சரவாக்கில் களஆய்வு செய்து, 1974இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாக முன்வைத்தார். அவருடைய சான்றை இரண்டு சொற்களைக் கொண்டே பார்த்துவிடலாம்: கரும்பு, சாம்பல்.

மலாயில் கரும்பு 'தெபு', சாம்பல் 'அபு'. இரண்டிலும் நடுவில் வருவது 'தம்பி'யில் கேட்கும் பகரம். மேட்டுநிலக் கென்யாஹ்வில் சாம்பல் 'அபு'தான், அதே தம்பி-பகரம். ஆனால் கரும்பு 'தெப்பு', அதாவது 'அப்பா'வில் கேட்கும் வல்லென்ற பகரம். கெலாபிட்டில் சாம்பலில் சாதாரண பகரம். கரும்பிலோ குரலோடு தொடங்கி மூச்சோடு முடியும் ஓர் அரிய ஒலி. உலக மொழிகளிலேயே அபூர்வமானது அது. பிந்துலுவில் கரும்பில் மட்டும் காற்றை உள்ளே இழுத்துச் சொல்லும் பகரம்.

ஏன் ஒரு சொல்லில் மாறியது, இன்னொன்றில் மாறவில்லை? பகரத்துக்கு முன்னால் நிற்கும் உயிரைப் பாருங்கள். 'அபு'வில் தெளிவான அகரம். 'தெபு'வில் வாயைப் பாதி திறந்து சொல்லும் மங்கலான குற்றுயிர். அந்தக் குற்றுயிருக்கு அடுத்து வந்த மெய் மட்டும், இந்த மொழிகளெல்லாம் பிரிந்து வந்த மூல மொழியில் வேறாக மாறியிருக்கிறது. பிறகு ஒவ்வொரு மகள்மொழியும் அதைத் தன் போக்கில் வளர்த்தது. வெவ்வேறு இடங்களில் பேசப்படும் மொழிகள், ஒரே சொற்களில், ஒரே நிபந்தனையில் பிரிகின்றன. இது தற்செயலாக நடக்கக்கூடியதல்ல. கயானில் இந்தப் பிளவு இல்லை.

மொழி உறவைக் கணிப்பதில் நாங்கள் திரும்பத் திரும்ப வலியுறுத்துவது இதைத்தான்: ஒத்திருப்பதை எண்ணாதீர்கள், சேர்ந்து மாறியதைத் தேடுங்கள். கென்யாஹ்வின் 'தெலு, பாட், லெமா' (மூன்று, நான்கு, ஐந்து) பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழியின் 'தத்லோ, அபாட், லிமா', மடகாஸ்கரின் 'தெலோ, எஃபத்ரா, திமி' ஆகியவற்றுக்கு உறவுதான். இவை ஆஸ்திரோனேசியக் குடும்பம் முழுவதும் பரவிக்கிடக்கும் பழைய சொத்து. தைவானிலிருந்து ஈஸ்டர் தீவு வரை உள்ள மொழிகளில் இதை வைத்து யார் யாருக்கு நெருக்கம் என்று சொல்லவே முடியாது.

கேள்வி: கென்யாஹ்வில் ஏழுக்கு 'துஜு' என்று கேள்விப்பட்டேன். மலாயின் 'துஜூ'வேதானே? கடன் வாங்கியதா?
– வாசகி, கிள்ளான்

பதில்: நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். ஆஸ்திரோனேசியத்தில் ஏழுக்குப் பழைய சொல் 'பிது'. தகாலோகில் 'பிதோ', ஜாவாவில் 'பிது', மடகாஸ்கரில் 'ஃபிது' என்று இன்றும் இருக்கிறது. போர்னியோவின் பெரும்பகுதியிலும் மலாய், சுண்டா மொழிகளிலும் அதை வேறொரு சொல் தள்ளிவிட்டது.

கென்யாஹ்வை மட்டும் பார்த்தால் கடனா இல்லையா என்று சொல்ல வழியில்லை. அக்கம்பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏழு: மலாய் 'துஜூ', கெலாபிட் 'துது', மலேசியாவின் சபா மாநிலத்து டூசுன் 'துரு', கயான் 'துசு'. இப்போது பாதை என்ற சொல்: மலாய் 'ஜாலான்', கெலாபிட் 'டாலான்', டூசுன் 'ராலான்'. மலாயில் ஜகரம் வரும் இடத்தில் கெலாபிட்டில் டகரமும் ('துது'வின் இரண்டாவது 'து'வும் இந்த ஒலிதான், 'பந்து'வில் கேட்பது) டூசுனில் ரகரமும் ஒழுங்காக வருகின்றன. அண்மையில் வாங்கிய கடன் என்றால் எல்லாவற்றிலும் 'துஜு' என்றே இருந்திருக்கும். ஆக, அந்தச் சொல் இந்த ஒலிமாற்றங்களுக்கு முன்பே அங்கே இருந்தது.

இதையும் வேறு சில சொற்களையும் கொண்டு 2010இல் பிளஸ்ட் 'பெரும் வட போர்னியோ' என்ற பெரிய கிளையை முன்மொழிந்தார். வட சரவாக், சபா மொழிகள், கயான், மலாய், சுண்டா எல்லாம் அதில் அடங்கும். அதன்படி கயானும் கென்யாஹ்வும் தூரத்துச் சொந்தம். மொழியியலாளர் அலெக்சாண்டர் ஸ்மித் 2017இல் போர்னியோ முழுவதையும் வகைப்படுத்தியபோது இந்தக் கருத்தைத் திருத்தங்களோடு ஏற்றார். ஆனால் வட சரவாக் கிளைக்கு இருக்கிற ஒலிச்சான்றின் பலம் இதற்கு இல்லை. இங்கே சான்று பெரும்பாலும் சொற்கள்தான், சொற்கள் சுலபமாக ஊர்விட்டு ஊர் போகும்.

மடகாஸ்கரின் மொழியும் போர்னியோவிலிருந்து போனதுதான். ஆனால் அதன் உறவு தென்கிழக்கே பேசப்படும் மாஆன்யான் மொழியோடு. அதிலும் ஏழு 'பிது'தான்.

கேள்வி: காட்டில் வாழும் பெனான் மக்களின் மொழி தனியா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: கென்யாஹ் வகையைச் சேர்ந்தது. கிழக்குப் பெனான், மேற்குப் பெனான் இரண்டுமே. 'புனான்' என்ற பெயரை இதோடு சேர்க்காதீர்கள். அந்தப் பெயரில் வெவ்வேறு கிளைகளைச் சேர்ந்த பல மொழிகள் உண்டு.

கேள்வி: என் கூட வேலை செய்யும் கென்யாஹ் நண்பரிடம் சொற்பட்டியல் பதிவு செய்ய ஆசை. எப்படித் தொடங்குவது?
– வாசகர், பிந்துலு

பதில்: முதலில் அனுமதி கேளுங்கள், பதிவை யாரெல்லாம் கேட்கலாம் என்பதையும் சேர்த்து. அடுத்து எந்தக் கென்யாஹ் என்று எழுதுங்கள். 'கென்யாஹ்' என்று மட்டும் எழுதிய பட்டியலால் பயனில்லை. நீள்வீட்டின் பெயர், தாத்தா பாட்டி எங்கிருந்து வந்தார்கள் என்ற விவரம் இரண்டும் வேண்டும். பக்குன் அணைக்காக 1990களின் இறுதியில் சுங்கை ஆசாப்புக்கு மாற்றப்பட்டவர்களில் படெங், லெபு கூலிட் குழுக்களும் கயான்களும் அக்கம்பக்கமாகக் குடியேறினார்கள். அங்கே இன்றைய முகவரியை வைத்து மொழியை ஊகிக்க முடியாது.

நூறு சொற்கள் போதும். உடலுறுப்பு, நீர், நெருப்பு, கல், உண், உறங்கு, எண்கள். மேசை, கடை, சீனி போன்றவை கடனாகவே வரும், விட்டுவிடுங்கள். ஒவ்வொரு சொல்லையும் மூன்று முறை சொல்லச் சொல்லுங்கள். கைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். 'வேவ்' வடிவில் பதியுங்கள், எம்பி3 வேண்டாம். தகரக் கூரையில் மழை பெய்யும்போதும் ஜெனரேட்டர் ஓடும்போதும் பதியாதீர்கள்.

தவறு பெரும்பாலும் கேட்கும் விதத்தில்தான் நேர்கிறது. 'தெபுவுக்கு என்ன?' என்று மலாயில் கேட்டால், மரியாதைக்காகவே 'தெபு' என்று திரும்பி வரும். கரும்பையோ படத்தையோ காட்டிக் கேளுங்கள். கையைத் தொட்டுக் கேட்டால் 'என் கை' என்று சேர்த்துச் சொல்லிவிடுவார். உன் கை, அவன் கை இரண்டையும் கேட்டால் சொல் தனியே பிரியும். தமிழில் தோளிலிருந்து விரல்வரை 'கை'தான். அங்கும் அப்படியா என்று இடம் இடமாகத் தொட்டுச் சரிபாருங்கள்.

சொல்லின் இறுதியில் தொண்டையை அடைத்து நிறுத்தும் ஒலியைத் தனிச்சொல்லில் பலர் தவறவிடுகிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பின் இன்னொரு சொல்லைச் சேர்த்துச் சொல்லச் சொன்னால் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்வதானால், மங்கலான குற்றுயிருக்கு ஒரு குறி, அந்தத் தொண்டை ஒலிக்கு ஒரு குறி, இரண்டு பகரங்களுக்கும் தனித்தனிக் குறி என்று முதல் பக்கத்திலேயே தீர்மானித்து எழுதுங்கள். கரும்பு–சாம்பல் வேறுபாடு அந்தக் குறிகளில்தான் பிழைக்கும்.

கேள்வி: மூலவர்மன் என்ற பழங்கால அரசனின் பல்லவ எழுத்துக் கல்தூண்கள் கிழக்குக் கலிமந்தானில் கிடைத்தன. அப்படியானால் தமிழுக்கும் இந்த மொழிகளுக்கும் உறவு உண்டா?
– வாசகர், காஞ்சிபுரம்

பதில்: எழுத்து வந்தது, மொழி உறவு வரவில்லை. அந்த யூபத் தூண்களின் (வேள்வித் தூண்களின்) மொழி சமஸ்கிருதம். மலாயில் கப்பல் 'காப்பால்', கடை 'கெடாய்' என்று இருப்பது வணிகத்தில் போன கடன். நாம், நாங்கள் என்று தமிழ் பிரிப்பதுபோல மலாயில் 'கித்தா, காமி' என்ற பிரிவு உண்டு, கென்யாஹ்விலும் உண்டு. கூடவே கென்யாஹ்வில் 'நாம் இருவர்' என்பதற்கும் தனி வடிவம் இருக்கிறது. இப்படிப் பிரிப்பது தொடர்பில்லாத பல குடும்பங்களில் காணப்படும் இலக்கண அமைப்பு. சொற்களும் ஒலிமாற்றங்களும் பொருந்தாதபோது அதை மட்டும் வைத்து உறவு சொல்வதற்கில்லை. நண்பரிடம் பதிவு செய்யும் பிந்துலு வாசகருக்கு மட்டும் இதனால் ஒரு வசதி: 'நாம்' கேட்கும்போது எது என்று தடுமாற வேண்டியதில்லை. கேட்பவரையும் சேர்த்தா, விட்டா என்று இரண்டையும் கேட்டு வாங்கிவிடலாம்.