வேலை எங்கே முடிகிறது என்று அவனுக்குக் காட்டுங்கள்

கேள்வி: அரசுத் தொடக்கப் பள்ளியில் 2-ஆம் வகுப்பு ஆசிரியை நான். ஆட்டிசம் உள்ள ஒரு பையன் இந்த ஆண்டு என் வகுப்பில் இருக்கிறான். எழுத்தெல்லாம் தெரிகிறது. ஆனால் நோட்டைக் கொடுத்தால் தூக்கி எறிந்துவிட்டு வகுப்பைச் சுற்றி ஓடுகிறான். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறான். 35 பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பதில்: எழுத்து தெரிந்த பிள்ளை நோட்டை எறிகிறான் என்றால், அந்த வேலை எதுவரைக்கும் என்று அவனுக்குப் புரியவில்லையோ என்றுதான் முதலில் பார்ப்பேன். "எழுது" என்கிறோம். எத்தனை வரி, அப்புறம் என்ன? மற்ற பிள்ளைகள் நம் முகத்தையும் பக்கத்தில் இருப்பவனையும் பார்த்துப் பிடித்துக்கொள்வார்கள். ஆட்டிசம் உள்ள பலருக்கு அது எளிதில் வராது; கண்ணெதிரே வைத்துக் காட்டினால் புரிந்துகொள்வார்கள்.

அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷோப்ளரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய 'டீச்' முறைக்கு இதுதான் அடிப்படை. 1972-இல் அது அந்த மாநிலம் முழுவதற்குமான திட்டமானது. அதில் உங்களுக்கு வேண்டிய பகுதியைத் தொடங்க மூன்று தட்டும் ஒரு பிளாஸ்டிக் கூடையும் போதும்.

வாசலும் ஜன்னலும் கண்ணில் படாத இடத்தில் சுவரைப் பார்த்து ஒரு மேசை போடுங்கள். இடது பக்கம் மூன்று தட்டு: ஒன்றில் படத்தோடு எழுத்தைச் சேர்க்கும் அட்டைகள், அடுத்ததில் நிறம் பார்த்துப் பிரிக்கப் பாட்டில் மூடிகள், கடைசியில் இரண்டே வரி எழுத ஒரு தாள். நோட்டு இப்போதைக்கு வேண்டாம், அதில் பக்கம் தீரவே தீராது. முடித்ததை அவனே வலது பக்கக் கூடையில் போடட்டும். இடது பக்கம் காலியானால் வேலை முடிந்தது. உடனே அவனுக்குப் பிடித்தது எதுவோ அதைக் கொடுங்கள். கொடுக்காமல் "இன்னும் ஒன்று மட்டும்" என்று நீட்டினால் அந்தக் கூடையை அவன் நம்ப மாட்டான். தட்டில் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த வேலைதான் இருக்க வேண்டும். புதுப்பாடத்தை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் சொல்லித்தர வேண்டும். தடுமாறினால் பேசிப் பேசிப் புரியவைக்காமல் தட்டைச் சுட்டிக் காட்டுங்கள்.

அந்த மேசை இந்த வேலைக்கு மட்டும்தான். பாட்டு, விளையாட்டு, சாப்பாடு எல்லாம் மற்ற பிள்ளைகளோடுதான். தண்டனைக்கு அவனை அங்கே உட்கார வைத்துவிடாதீர்கள்.

அன்றைய நாளைப் படங்களாகச் சுவரில் வரிசையாக ஒட்டி, முடிந்ததை அவனையே எடுக்கச் சொல்லுங்கள். மணிக்கும் ஒரு படம் இருக்கட்டும். அடிப்பதற்குச் சற்று முன்பே அதைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். காதைப் பொத்தினால் கையை எடுத்துவிடாதீர்கள், அந்தச் சத்தம் அவனுக்கு நிஜமாகவே தாங்காது. மணி உங்கள் வகுப்பு வாசலிலேயே தொங்குகிறது என்றால் தலைமை ஆசிரியரிடம் சொல்லி இடத்தை மாற்றப் பாருங்கள்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. அதனால் தயங்காமல் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரைக் கேளுங்கள். அவர் வரும் நாளில் பையனின் அம்மாவையும் வரச்சொல்லி, இதே படங்களில் ஒரு பிரதி வீட்டுக்கும் கொடுத்தனுப்புங்கள்.