ஷெட்யூல் கருவிக்குச் சந்தா கட்ட வேண்டுமா?

கேள்வி: நானும் என் நாத்தனாரும் பொள்ளாச்சியில் வீட்டிலிருந்தபடியே நெகமம் காட்டன் சேலைகளை விற்று வருகிறோம். இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் படம் போடுவதற்கே காலை நேரம் முழுவதும் போய்விடுகிறது. பதிவுகளை முன்கூட்டியே ஏற்றி வைத்தால் குறித்த நேரத்தில் தானாக வெளியிடும் கருவி ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா கட்டும்படி ஒரு நிறுவனத்தார் வற்புறுத்துகிறார்கள். ரீச், அதாவது பதிவைப் பார்ப்பவர்களின் எண்ணிக்கை, கூடும் என்கிறார்கள். தெரிந்தவர்களோ, அப்படிப் போட்டால் ரீச் குறையும் என்று பயமுறுத்துகிறார்கள். வாங்கலாமா? வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் இப்படி ஒரு செயலி இருக்கிறதாமே?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் பயன்படுத்தும் இரண்டு தளங்களிலுமே இந்த வசதி இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டு தளங்களையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் இலவசக் கருவியான மெட்டா பிசினஸ் சூட்டில் ஃபேஸ்புக் பக்கத்துக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் ஒரே இடத்திலிருந்து நேரம் குறித்து வைக்கலாம். உங்களுடையது புரொஃபஷனல் கணக்காக (தொழில் நடத்துபவர்களுக்கும் படைப்பாளர்களுக்குமான கணக்கு வகை) இருந்தால், இன்ஸ்டாகிராம் செயலிக்குள்ளேயே 75 நாள்கள் முன்னதாக, நாளொன்றுக்கு 25 பதிவுகள் வரை குறித்து வைக்கும் வசதி 2022 முதல் இருக்கிறது. இரண்டு பேர் நடத்தும் சேலை வியாபாரத்துக்கு இது தாராளம்.

ரீச் பற்றி இரு தரப்பாரும் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பதிவை உரிய நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே கருவியின் வேலை. அதைக் கூடுதல் பேருக்குக் காட்டச் செய்யும் அதிகாரம் அதற்குக் கிடையாது. குறைகிறது என்று பலர் உணர்வதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. வெளிக் கருவி வழியாகத் தானாக வெளியாகும் ரீலில் இன்ஸ்டாகிராமின் பாட்டுத் தொகுப்பிலிருந்து பாட்டைச் சேர்க்க இயலாது. ஸ்டோரியில் வாக்கெடுப்பு ஸ்டிக்கர் போன்றவற்றையும் ஒட்ட இயலாது. அதைவிட முக்கியமாக, பதிவு தானாகப் போய்விடும் என்ற நிம்மதியில் போனைக் கீழே வைத்துவிடுகிறோம். விலை கேட்டு வரும் கமெண்டுகள் பதிலின்றிக் கிடக்கின்றன. எனவே, சமையல் முடிந்து நீங்களோ நாத்தனாரோ போனுடன் உட்காரக்கூடிய நேரத்தையே குறித்து வையுங்கள்.

உங்கள் தொழிலுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. கைத்தறியில் ஒரு நிறத்துக்கும் பார்டருக்கும் பெரும்பாலும் சிங்கிள் பீஸ்தான் இருக்கும். அந்த மாம்பழ மஞ்சள் சேலையைத் திங்கட்கிழமை படமெடுத்து, வியாழக்கிழமை மாலைக்குக் குறித்து வைத்தீர்கள் என்றால், இடையில் அது வாட்ஸ்அப் குழுவிலேயே விலைபோயிருக்கும். வியாழனன்று ஆசையாகக் கேட்பவர்கள் அனைவருக்கும் ‘சோல்டு அவுட்’ என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே கையிருப்பை ஒட்டிய பதிவுகளை நேரடியாகவே போடுங்கள். சேலையைத் துவைத்துப் பராமரிக்கும் முறை, தறியில் நெய்யும் காட்சி, ஆடி, தீபாவளி அறிவிப்புகள் ஆகியவற்றை மட்டும் முன்கூட்டி ஏற்றி வைக்கலாம். புயல், வெள்ளம் என்று ஊரே கலங்கி நிற்கும் நாளில் தள்ளுபடி அறிவிப்பு தானாக வெளிவந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

பல கடைகளின் கணக்குகளைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும், யூடியூப், லிங்க்ட்இன் எனப் பல தளங்களில் ஒருசேர இயங்குபவர்களுக்கும் கட்டணக் கருவி பயன்படும். அவர்களும் முதலில் இலவசத் திட்டத்தில் பழகிப் பார்ப்பது நல்லது. பஃபர் என்ற ஷெட்யூல் கருவியின் இலவசத் திட்டம் மூன்று கணக்குகளை இணைத்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பதிவுகளை வரிசையில் வைக்க இடம் தருகிறது. ஆனால் இலவசம் என்றும் நிலைக்கும் என்று எண்ண வேண்டாம். ஹூட்சூட் என்ற இன்னொரு கருவி தன் இலவசத் திட்டத்தை 2023-இல் நிறுத்திவிட்டது.

பிற்பாடு வாங்கும் எண்ணம் வந்தால் விலைப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். பெரிய எழுத்தில் காட்டப்படும் மாதத் தொகை, பல நேரங்களில் ஓராண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் மட்டுமே பொருந்தும். டாலரில் விலை என்றால் 18 சதவீத ஜிஎஸ்டியும், வங்கி பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேரக்கூடும். சந்தாத் தொகை கணக்கிலிருந்து தானாகவே பிடிக்கப்படும் தானியங்கிப் பற்றுக்கு (ஆட்டோ டெபிட்) ஒருமுறை ஒப்புதல் தந்துவிட்டால், ரூ.15,000 வரையிலான தொகைக்கு அடுத்தடுத்த தவணைகளில் ஓடிபி கேட்கப்படாது. 24 மணி நேரத்துக்கு முன் வங்கி அனுப்பும் அறிவிப்பு ஒன்றுதான் எச்சரிக்கை. சேரும்போது ஒரே சொடுக்கு, விலகும்போது ஏழு கதவு என்று அலைக்கழிப்பதை, 2023 நவம்பரில் வெளியான மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் ‘சந்தாப் பொறி’ என்று வகைப்படுத்தித் தடை செய்துள்ளன. அப்படி மாட்டிக்கொண்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு என்று நீங்கள் கேட்ட அந்தச் செயலியைத் தொடவே வேண்டாம். கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொல்லி உங்கள் கணக்குக்குள் நுழையும் அதிகாரபூர்வமற்ற செயலிகள் வாட்ஸ்அப் விதிகளுக்குப் புறம்பானவை. எண் முடக்கப்பட்டால் இத்தனை காலம் சேர்த்த வாடிக்கையாளர் தொடர்பே அறுந்துவிடும். ஏற்கெனவே இணைத்திருந்தால், ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதிக்குச் சென்று இன்றே நீக்கிவிடுங்கள்.