ஃபெரட்டைப் பட்டினி போட்டுப் பழக்காதீர்கள்

கேள்வி: லண்டன் ஹாரோவில் இரண்டு ஃபெரட் (கீரி போல நீண்ட உடம்புள்ள, இறைச்சி தின்னும் சிறு வளர்ப்புப் பிராணி) வளர்க்கிறோம். பெண்ணுக்கு நாலு வயது, 700 கிராம். ஆணுக்கு ஆறு மாதம், 1.3 கிலோ. இதுவரை உலர்தீனிதான். ‘உறைய வைத்த ஒரு நாள் கோழிக்குஞ்சை முழுசாகப் போடுங்கள், அது ஒன்றே போதும்’ என்கிறார் கடைக்காரர். சின்னவன் தின்கிறான். பெரியவள் நேற்றிலிருந்து எதையும் தொடவில்லை. பசித்தால் தானாகத் தின்பாள் என்கிறார் அவர். முழு இரைக்கு மாற்றுவது சரிதானா?

பதில்: சகோதரி, இதைப் படித்ததும் பெரியவளுக்குப் பழைய உலர்தீனியை வையுங்கள். மற்றதெல்லாம் பிறகு. ஃபெரட்டின் குடலைத் தீனி மூன்று, நான்கு மணி நேரத்தில் கடந்துவிடும். மூன்று வயதைத் தாண்டியவற்றுக்கு, இன்சுலினை அதிகமாகச் சுரக்கும் கணையக் கட்டி அடிக்கடி வரும். வெளியே தெரியாமல் அது இருந்தால், பட்டினியில் ரத்தச் சர்க்கரை சரிந்து வலிப்பு வரை போகும். பட்டினி போடச் சொன்னவரின் யோசனையை இனிக் காதில் வாங்காதீர்கள்.

முழு இரை நல்ல தீனிதான். எலும்பு, ஈரல், இதயம், ரோமம் எல்லாம் சேர்ந்தே கிடைக்கிறது. மாவுச்சத்து கிட்டத்தட்ட இல்லை. ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, நாலு வயதுக்காரியை எப்படி மாற்றுவது என்பதை. குட்டிப் பருவத்தில், ஆறு மாதத்துக்குள், மூக்குக்குப் பழகிய வாசனையைத்தான் ஃபெரட் தீனி என்று ஏற்கும். சின்னவன் அந்த எல்லையில் இருப்பதால் ஒத்துக்கொண்டான். பெரியவளுக்குக் குஞ்சு தீனியாகவே தெரியவில்லை.

அவளுக்கு உலர்தீனியை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்குங்கள். எலியின் இறைச்சியையும் ஈரலையும் அரைத்து அதில் கால் தேக்கரண்டி கலந்து, வெதுவெதுப்பாக வையுங்கள். நக்க ஆரம்பித்த பிறகு சில நாளுக்கு ஒருமுறை அளவைக் கூட்டி, கடைசியில் வயிறு கிழித்த எலியாகக் கொடுங்கள். வாரக்கணக்கில் ஆகும். ஒத்துக்கொள்ளவே இல்லையென்றால் இறைச்சி மிகுந்த நல்ல உலர்தீனியிலேயே இருக்கட்டும். அதில் குறை ஒன்றுமில்லை.

இனி அந்தக் குஞ்சு விஷயம். முட்டைக்கோழிப் பொரிப்பகத்தில் கழிக்கும் சேவல் குஞ்சுகள் அவை. மலிவாகக் கிடைப்பதால்தான் ‘அது ஒன்றே போதும்’ என்று விற்கிறார்கள். வயிற்றில் மஞ்சள் கரு கொழகொழவென்று இருக்கும், எலும்பு இன்னும் முற்றியிருக்காது. வளர்ந்த எலியோடு ஒப்பிட்டால் சுண்ணாம்புச் சத்து குறைவு. வளரும் ஆணுக்கு அதையே தினமும் போடுவது தப்பு. வாரத்தில் இரண்டு வேளைக்கு மேல் வேண்டாம். மீதி நாளெல்லாம் வளர்ந்த சுண்டெலி, இளம் எலி, முயல் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். வேட்டையாடிய முயல் என்றால் ஈயக் குண்டு இருக்கலாம், வாங்காதீர்கள். உயிருள்ள எலியையும் விடாதீர்கள், அது கடிக்கும்.

கோழி, காடை பற்றி நான் கடுமையாகப் பேச இன்னொரு காரணம் பறவைக் காய்ச்சல். ஃபெரட்டுக்கு ஃபுளூ (இன்ஃப்ளூயன்சா) வைரஸ் சட்டென்று தொற்றும். 1933-இல் மனித ஃபுளூ வைரஸை லண்டனில் முதலில் பிரித்ததே ஃபெரட்டுகளைக் கொண்டுதான். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் பச்சை வான்கோழித் தீனி தின்ற வீட்டுப் பூனை எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் தொற்றி இறந்தது. உறைய வைத்தால் வைரஸ் சாகாது, வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லா பாக்டீரியாவும் சாகாது. ‘உறைந்தது, பயமில்லை’ என்று சொல்லும் வியாபாரியிடம் எந்தப் பண்ணைச் சரக்கு, எந்தத் தேதி என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் பறவை இரையே வேண்டாம், எலியும் முயலும் போதும்.

அளவு: பெரியவளுக்கு எடையில் 6 சதவீதம், அதாவது சுமார் 40 கிராம், 20 கிராம் சுண்டெலி இரண்டு. வளரும் ஆணுக்கு 10 சதவீதம், 130 கிராம். மூன்று, நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். இரவே குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உறைவு நீக்குங்கள், மைக்ரோவேவ் வேண்டாம். தின்றது போக மிச்சத்தை சோஃபாவுக்கு அடியில் கொண்டுபோய் ஒளிப்பார்கள், தேடி எடுத்துவிடுங்கள்.

வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். பெரியவள் 50 கிராம் குறைந்தால் மாற்றத்தை நிறுத்துங்கள். பின்னங்கால் தள்ளாடுவது, வெறித்துப் பார்ப்பது, எச்சில் வடிய வாயைப் பிறாண்டுவது தெரிந்தால் ஈறில் துளி தேன் தடவி, அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வலிப்பின்போது மட்டும் வாய்க்குள் விரலை விடாதீர்கள்.