பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்: வாங்குவோர் கேள்வி-பதில்

கனடாவில் நயாகரா அருவியிலிருந்து வடக்கே 20, 25 கிலோமீட்டர் போனால் ஒன்டாரியோ ஏரி வந்துவிடும். அந்தக் கரையில் நயாகரா-ஆன்-த-லேக் என்ற ஊரைச் சுற்றித் தோட்டம் தோட்டமாகத் திராட்சை, தோட்டத்துக்கு ஒரு ஒயினரி, அதாவது ஒயின் செய்து விற்கும் இடம். டொராண்டோ பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் அருவியைப் பார்த்த கையோடு இங்கேயும் போக ஆரம்பித்துவிட்டன என்பது இந்த மாதம் வந்த கடிதங்களிலேயே தெரிகிறது. இடமில்லாததால் எல்லாக் கடிதங்களையும் சுருக்கியிருக்கிறேன்.

ஜூலையில் கோயம்புத்தூரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். குடிக்கமாட்டார்கள், ஆனால் தோட்டம் பார்க்க ஆசை. பையனுக்கு 17 வயது. குடும்பமாக நடத்தும் ஒயினரி, ஏரியும் தெரிய வேண்டும். எங்கே போகலாம்?
– மார்க்கம் வாசகர்

கரையை ஒட்டியே இருக்கும் கொன்ஸெல்மன் போய்ப் பாருங்கள். ஜெர்மனியில் தலைமுறையாக ஒயின் செய்துவந்த குடும்பத்தின் ஹெர்பர்ட் கொன்ஸெல்மன் 1984-இல் இங்கே தொடங்கியது. கொடி வரிசைகள் ஏரியைப் பார்த்தபடி ஓடும்.

போவதற்கு முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: டூர் வேறு, டேஸ்டிங் வேறு. டேஸ்டிங் என்றால் கவுன்ட்டரிலோ மேசையிலோ மூன்று நான்கு வகையை ஊற்றித் தருவார்கள், அவ்வளவுதான். தோட்டத்துக்குள் அழைத்துப்போய், பிழியும் இயந்திரம், எஃகுத் தொட்டி, மர பீப்பாய் அடுக்கிய நிலவறை என்று காட்டுவது டூர். உங்கள் பெற்றோருக்கு வேண்டியது அதுதான். முன்பதிவு செய்யும்போதே படிக்கட்டு எத்தனை, சரளைக் கல்லில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், குடிக்காதவர்களுக்குக் கட்டணம் குறைவா என்று கேளுங்கள். ஒன்டாரியோவில் 19 வயது ஆகாதவருக்கு ஒரு சொட்டும் கிடையாது. சுற்றிப் பார்க்கப் பையனை அனுமதிப்பார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும்.

அப்பாவை ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: இவ்வளவு குளிர் நாட்டில் திராட்சை எப்படி? விவசாயம் தெரிந்தவர் என்றால் இந்தப் பதிலை மிகவும் ரசிப்பார். ஏரி ஆழமானது, பனிக்காலத்தில் முழுதாக உறைவதில்லை, கோடையில் சேர்த்த வெப்பத்தைக் குளிர்காலம் முழுக்க மெல்ல விடுகிறது. வசந்தத்தில் அதே ஏரி கரையைக் குளிராக வைத்திருப்பதால் கொடி அவசரப்பட்டுத் துளிர்க்காது, பின்பனியில் கருகாது. தெற்கே இருக்கும் நயாகரா செங்குத்துப் பாறைத்தொடர் ஏரிக்காற்றைத் திருப்பிவிடுகிறது. பீச் பழம் இங்கே விளைவதும் இதனால்தான். ஆகஸ்டில் போக முடிந்தால் சாலையோரக் கடையில் ஒரு கூடை வாங்குங்கள். அம்மாவுக்கு ஒயினைவிட அது பிடிக்கும்.

டேஸ்டிங்குக்குக் கொடுத்த பணத்தை பாட்டில் வாங்கினால் கழித்துக்கொள்வார்களா?
– மிசிசாகா

சில இடத்தில் கழிப்பார்கள், சில இடத்தில் இல்லை. முதல் கிளாஸை ஊற்றுவதற்கு முன் கேளுங்கள். 13 சதவீத வரி சேர்த்துச் சொல்கிறார்களா என்பதையும்.

ஒரே நாளில் 4 ஒயினரி பார்க்கத் திட்டம். நானே ஓட்டுகிறேன். கொஞ்சம் கொஞ்சம்தானே ஊற்றுகிறார்கள்? திரும்பி வரும்போது மகன் ஓட்டுவான், ஜி2 லைசென்ஸ் இருக்கிறது, அவனும் ருசி மட்டும் பார்ப்பான்.
– ஏஜாக்ஸ்

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஊற்று 45 மில்லி என்றே வைத்துக்கொள்வோம். ஒரு இடத்தில் நான்கு ஊற்று, 180 மில்லி. நான்கு இடத்துக்கு 720 மில்லி. முழு பாட்டிலே 750தான். இதை "கொஞ்சம் கொஞ்சம்" என்று எழுதியிருக்கிறீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தால் நாடு முழுக்கக் குற்ற வழக்கு. ஒன்டாரியோவில் 50 மில்லிகிராமிலேயே லைசென்ஸை அந்த இடத்திலேயே முடக்கிவிடுவார்கள். ஜி2 என்பது புதிதாக ஓட்டுபவர்களுக்கான லைசென்ஸ், அதை வைத்திருப்பவருக்கு வரம்பு பூஜ்யம், அவர் ருசியும் பார்க்கக் கூடாது. குடிக்காத ஒருவர் ஓட்டட்டும், அல்லது ஊரில் தங்குங்கள், அல்லது டாக்ஸி. வாயில் வைத்துவிட்டுத் துப்புவதற்கென்றே மேசையில் ஒரு வாளி வைத்திருப்பார்கள், துப்பினால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஆனால் அதை நம்பி ஓட்டக் கிளம்பாதீர்கள். இந்த மாதிரிக் கடிதம் மாதாமாதம் வருகிறது, படிக்கவே கோபமாக இருக்கிறது.

அக்கா மகள் கல்யாணத்துக்குக் கொடுக்க அருவிப் பக்கம் ஒரு பரிசுக் கடையில் "ஐஸ் ஒயின்" என்று கேட்டு இரண்டு ஒல்லி பாட்டில் வாங்கினேன், 70 டாலர். வீட்டுக்கு வந்த பிறகு மச்சான் பார்த்துவிட்டு இது உண்மையான ஐஸ்ஒயினே இல்லை என்கிறார். கடைக்காரர் "நான் பொய் சொல்லவில்லை, லேபிளைப் படித்திருக்க வேண்டும்" என்கிறார். நான் ஏமாந்தேனா?
– ஸ்கார்பரோ வாசகி

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் அம்மா. நீங்கள் கொடியிலேயே உறைந்த திராட்சையில் செய்யும் ஐஸ்ஒயின் என்ற இனிப்பு ஒயினைக் கேட்டீர்கள், அவர் வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். லேபிளைக் காட்டித் தப்பிக்க அவருக்கு உரிமை இல்லை. பில்லையும் பிரிக்காத பாட்டில்களையும் கொண்டுபோய், நான் என்ன கேட்டேன், நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்று எழுத்தில் கொடுத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கார்டில் கொடுத்திருந்தால் வங்கியிலும் புகார் எழுதுங்கள்.

இந்த விஷயத்தில் எனக்குப் பல வருடக் கோபம் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். எனக்கும் ஒரு விமான நிலையக் கடையில் இதேபோல ஒன்றை விற்றார்கள். தங்க நிற மூடி, மேப்பிள் இலை, பனி விழும் படம், எல்லாம் இருந்தது. குடித்தால் சர்க்கரைத் தண்ணீர். பின்பக்கம் பொடி எழுத்தில் "ஐஸ்டு" என்று ஒரு சொல். பழத்தை ஃப்ரீசரில் உறையவைத்துச் செய்ததை இந்த மாதிரிப் பெயரில்தான் தள்ளிவிடுவார்கள்.

உண்மையான ஐஸ்ஒயினுக்கு ஒன்டாரியோவில் விதி இருக்கிறது. விடால், ரீஸ்லிங், காபர்னே ஃப்ராங்க் போன்ற திராட்சையைப் பறிக்காமல் கொடியிலேயே விட்டு, பறவை கொத்தாமல் வலை போட்டு, டிசம்பர் ஜனவரி வரை காத்திருப்பார்கள். மைனஸ் 8 டிகிரியோ அதற்குக் கீழோ போன பிறகுதான் பறிக்கலாம், அதனால் பெரும்பாலும் நள்ளிரவில் ஆட்கள் இறங்குவார்கள். கோலிக்குண்டு போல உறைந்த பழத்தை அப்படியே பிழிவார்கள். தண்ணீர் பனிக்கட்டியாக உள்ளேயே நின்றுவிடும், தேன் பதத்தில் சாறு மட்டும் சொட்டும். அதன் இனிப்பு அளவு 35 பிரிக்ஸுக்கு, அதாவது 100 கிராம் சாற்றில் சுமார் 35 கிராம் சர்க்கரைக்கு, குறையக் கூடாது. சாதாரணமாகப் பிழிந்தால் வரும் சாற்றில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. விலை அதனால்தான். இன்னிஸ்கிலின் ஒயினரியின் 1989 விடால் ஐஸ்ஒயின் 1991-இல் பிரான்ஸில் வினெக்ஸ்போ கண்காட்சியில் உயரிய பரிசு வாங்கியது. அதற்குப் பிறகுதான் உலகம் இந்த ஊரைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெயரில் குளிர்காய்கிறவர்கள் நம்மைப் போலப் பரிசு வாங்க வருகிறவர்களைத்தான் குறிவைக்கிறார்கள்.

ஆகவே பாட்டிலில் வி.க்யூ.ஏ. (VQA) என்ற மூன்று எழுத்தைத் தேடுங்கள். அது இருந்தால் பழம் முழுக்க ஒன்டாரியோவில் விளைந்தது, சோதித்துப் பார்த்து அனுமதித்தது என்று பொருள். "ஐஸ்ஒயின்" ஒரே சொல்லாக இருக்கிறதா பாருங்கள். "லேட் ஹார்வெஸ்ட்" என்றிருந்தால் அதுவும் நல்ல இனிப்பு ஒயின்தான், ஆனால் வேறு வகை, விலையும் குறைய வேண்டும்.

சாதாரண ஒயினுக்கும் இதே தேடல் தேவை. கடையில் கனடா ஒயின் அடுக்கில் இருக்கிறதே என்று எடுக்கும் மலிவான பாட்டிலில் "இறக்குமதி ஒயினும் உள்நாட்டு ஒயினும் கலந்தது" என்று பின்னால் இருக்கும். ஒன்டாரியோவில் அந்தக் கலவையில் உள்ளூர்ப் பழம் 25 சதவீதம் இருந்தாலே போதும். சட்டப்படி சரி. ஆனால் வெயிலிலும் பனியிலும் நின்று தோட்டம் போடும் குடும்பத்தின் பாட்டிலும் கப்பலில் வந்ததைக் கலந்த பாட்டிலும் பார்வைக்கு ஒன்றாக இருக்கும்படி விற்பது அந்தக் குடும்பத்துக்கும் நமக்கும் செய்யும் அநியாயம். இந்தத் தகவல் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் வர வேண்டும் என்று நான் எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.

ஆள் பெயரில் இருந்தால் அது குடும்ப ஒயினரி என்று அர்த்தமா?
– பிராம்டன்

இல்லை. ஜாக்சன்-ட்ரிக்ஸ் என்பது நிறுவிய இருவரின் பெயர். இப்போது அதுவும் இன்னிஸ்கிலினும் ஆர்டெரா என்ற பெரிய நிறுவனத்தின் கையில். 2016-இல் அந்த நிறுவனத்தை ஒன்டாரியோ ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி வாங்கியது. ஆண்ட்ரூ பெல்லர் பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம், ட்ரையஸ் அதனுடையது. இவர்களும் நல்ல ஒயின் செய்கிறார்கள், டூரும் ஒழுங்காக நடக்கும். ஆனால் குடும்பம் நடத்தும் இடத்துக்குத்தான் போக வேண்டும் என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள்: தோட்டம் யாருடையது, ஒயின் செய்பவர் யார்? சின்ன இடங்களில் பதில் சொல்பவரே தோட்டக்காரராக இருப்பார், காலணியில் மண் இருக்கும். பாட்டிலில் "எஸ்டேட் பாட்டில்ட்" என்று இருந்தால் அந்த ஒயினரியே வைத்திருக்கும், அல்லது அதன் பொறுப்பில் இருக்கும் தோட்டத்துப் பழம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப் குழுவில் விளம்பரம் பார்த்து ஆளுக்கு 120 டாலர் வீதம் நான்கு பேருக்கு இ-ட்ரான்ஸ்ஃபர் அனுப்பினோம். ஏரிக்கரைக் குடும்ப ஒயினரி, தோட்ட டூர், 3 டேஸ்டிங், சாப்பாடு என்றார்கள். வேன் ஒரு கடை வாசலில் நின்றது, ஆளுக்கு ஒரு மடக்கு கொடுத்தார்கள், அதோடு சரி. அந்த ஒயினரியைக் கூப்பிட்டுக் கேட்டால் முன்பதிவே இல்லையாம். ஏற்பாடு செய்தவர் போனை எடுப்பதில்லை. முதல்முறை வெளியே வந்த மாமியார் ரொம்ப வருத்தப்பட்டார்.
– பிக்கரிங் வாசகி

படித்ததும் மனது கஷ்டப்பட்டது. தெரிந்தவர்கள் குழுவில் வந்த விளம்பரம், நம் மொழியில் எழுதியது, நம்பாமல் எப்படி இருப்பீர்கள்? பேராசைப்பட்டீர்கள் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

செய்ய வேண்டியது: விளம்பரத்தையும் உரையாடலையும் அழிப்பதற்குள் படம் எடுத்து வையுங்கள். முன்பதிவு இல்லை என்று அந்த ஒயினரியிடம் ஒரு மின்னஞ்சல் கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் மனமுவந்து தருவார்கள், அவர்கள் பெயரும் கெடுகிறதே. அப்புறம் ஏற்பாட்டாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள்: பொய் விளம்பரம் செய்திருக்கிறீர்கள், ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன், 15 நாளில் 480 டாலரைத் திருப்புங்கள். பொய் சொல்லி விற்றதை ரத்து செய்ய ஒன்டாரியோ நுகர்வோர் சட்டம் ஒரு வருடம் வரை இடம் தருகிறது. பதில் இல்லையென்றால் மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் புகார், அதற்கும் மசியவில்லை என்றால் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் க்ளெய்ம்ஸ் நீதிமன்றம். வக்கீல் இல்லாமலே போகலாம். வேனில் வந்த மற்றவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கு: இ-ட்ரான்ஸ்ஃபர் ஒருமுறை அவர் கணக்கில் சேர்ந்துவிட்டால் வங்கி திருப்பித் தராது. முகம் தெரியாதவருக்குக் கிரெடிட் கார்டில் மட்டும் கொடுங்கள்.

டேஸ்டிங் முடிந்து சந்தோஷமாக இருந்தபோது "கிளப்"பில் சேரச் சொன்னார்கள், கையெழுத்துப் போட்டேன். இப்போது 3 மாதத்துக்கு ஒரு பெட்டி வருகிறது, கார்டில் பணம் போகிறது. இது தெரியவே தெரியாது. 10 நாளில் ரத்து செய்யலாமாமே?
– வாகன்

கையெழுத்துப் போட்ட தாளில் எழுதியிருந்ததைத் தெரியாது என்றால் என்ன செய்வது? அந்த 10 நாள் அவகாசம் வீட்டு வாசலுக்கு வந்து விற்பவர்கள் போன்றவர்களிடம் வாங்கியதற்கு. நீங்களே அவர்கள் கடைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். தாளை எடுத்து, குறைந்தது எத்தனை பெட்டி வாங்கியாக வேண்டும், எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்று பார்த்து, அடுத்த பெட்டிக்குப் பணம் எடுக்கும் முன் மின்னஞ்சலில் நிறுத்தச் சொல்லுங்கள். போனில் மட்டும் சொல்லாதீர்கள்.

நான் சைவம். ஒயினில் முட்டை சேர்க்கிறார்கள் என்கிறாள் தோழி. உண்மையா?
– வாட்டர்லூ மாணவி

உண்மைதான், எல்லாவற்றிலும் இல்லை. கலங்கலைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை ஆகியவற்றைப் போடுவது பழைய வழக்கம். பிறகு வண்டலோடு வடிகட்டிவிடுவார்கள். பெண்டோனைட் என்ற களிமண்ணைப் போட்டும் தெளியவைக்கலாம், அது உங்களுக்குச் சரி. டூரில் தொட்டி அருகே நிற்கும்போது கேளுங்கள். சின்ன ஒயினரியில் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாகச் சொல்வார்கள்.

வாங்கிய 6 பாட்டிலை காரில் வைத்துவிட்டு அருவியைப் பார்த்து வந்தோம். நல்ல வெயில். வீட்டில் பார்த்தால் ஒன்றில் லேபிளில் பிசுக்கு. ஒயினரி மாற்றித் தருமா?
– மில்டன்

மூடியை விரலால் தடவிப் பாருங்கள். தக்கை வாய்விளிம்புக்கு மேலே துருத்திக்கொண்டு, ஓரத்தில் சிவப்பு வழிந்து காய்ந்திருந்தால் சூட்டில் விரிந்து வெளியே வந்தது. காரில் வைத்தது நீங்கள், ஒயினரியைக் கேட்க நியாயம் இல்லை. மற்ற ஐந்தையும் சீக்கிரம் குடித்துவிடுங்கள். இதுவே திறந்ததும் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடித்தால் அது தக்கையில் வந்த கோளாறு, பில்லோடு போய்த் தைரியமாக மாற்றச் சொல்லலாம். அடுத்த முறை அருவியை முதலில் பாருங்கள், ஒயினரியைக் கடைசியில் வையுங்கள்.

சென்னைக்கு எத்தனை பாட்டில் கொண்டுபோகலாம்?
– எட்டோபிகோ

ஆளுக்கு மொத்தம் 2 லிட்டர் வரை சுங்க வரி இல்லை. 375 மில்லி ஐஸ்ஒயின் என்றால் 5 பாட்டில். கைப்பையில் விடமாட்டார்கள், பெரிய பெட்டியில் துணிக்கு நடுவில் வையுங்கள், பில்லைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.