கடல்ல இருந்து 200 மைல் உள்ள இருக்கோம், ஹரிக்கேனுக்கு நாங்களும் தயாராகணுமா?

கண்டிப்பா ஆகணும். நான் நார்த் கரோலினாவுல கடலுக்கு ரொம்ப தள்ளி தான் இருக்கேன், இங்கயும் இதே கேள்வி தான் எல்லாரும் கேப்பாங்க, 2024 செப்டம்பர்ல ஹெலீன்ங்கற ஹரிக்கேன் வர்ற வரைக்கும். அது கரையைக் கடந்தது ஃப்ளோரிடாவுல, அங்கிருந்து எங்க மாநிலத்து ஆஷ்வில் கிட்டத்தட்ட 400 மைல், அதுவும் மலை ஊர். ஆனா புயல் வர்றதுக்கு முன்னாடியே அங்க நல்ல மழை பெஞ்சு மண்ணு ஊறிப் போயிருந்துச்சு, அதுக்கு மேல ஹெலீன் மழையும் சேர்ந்து பியூசிக்ங்கற இடத்துல மட்டும் மூணு நாள்ல 30 இன்ச்சுக்கு மேல கொட்டிடுச்சு. எங்க மாநிலத்துல மட்டும் 100 பேருக்கு மேல செத்துட்டாங்க. ஆஷ்வில்ல குழாயத் திறந்து தைரியமா தண்ணி குடிக்க கிட்டத்தட்ட ரெண்டு மாசம் ஆச்சு.

டிவில கேட்டகிரி 4, கேட்டகிரி 1னு சொல்றாங்க இல்ல, அது காத்தோட வேகம் மட்டும் தான், மழை எவ்வளவுன்னு அதுல வராது. உள்ள வர வர காத்து குறையும், "வெறும் ட்ராபிகல் ஸ்டார்ம் தான்"னு நாமளும் விட்டுடுவோம், ஆனா மேகத்துல இருக்கற தண்ணி அப்படியே தான வருது. 2021ல இடா புயல் லூசியானாவுல கரை ஏறி மூணு நாள் கழிச்சு நியூயார்க்ல பேஸ்மென்ட் வீடுகள்ல இருந்தவங்கள மூழ்கடிச்சுது. அதுக்காக காத்தையும் லேசா எடுத்துக்காதீங்க, 1989ல ஹ்யூகோ புயல் கடல விட்டு ரொம்ப தள்ளி இருக்கற எங்க சார்லட் ஊர் வரைக்கும் வந்து மரத்தையெல்லாம் சாய்ச்சு ரொம்ப நாள் கரண்ட் இல்லாம பண்ணிச்சு.

முதல்ல ஃப்ளட் இன்ஷூரன்ஸ் பாருங்க. சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ்ல வெள்ளத்துக்கு ஒரு பைசா வராது, அரசாங்க ஃப்ளட் பாலிசி எடுத்தா பொதுவா 30 நாள் கழிச்சு தான் அமலுக்கு வரும், புயல் செய்தி பாத்துட்டு எடுக்கறதுல பிரயோஜனமே இல்ல. ஹரிக்கேன் சீசன் ஜூன் 1 ஆரம்பிக்குது, அதனால ஏப்ரல்லயே முடிச்சிடுங்க. ஃப்ளட் ஸோன்ல, அதாவது வெள்ள அபாயம்னு குறிச்ச இடத்துல, இல்லன்னாலும் வீட்டுக்குப் பின்னாடி சின்ன ஓடை இருந்தா எடுங்க.

தண்ணி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் (கிட்டத்தட்ட 3.8 லிட்டர்) வச்சுக்கோங்க, மூணு நாள் கணக்கு பத்தாது, ரெண்டு வாரத்துக்கு வைங்கன்னு தான் நான் சொல்வேன். கிணத்துத் தண்ணி வீடுன்னா கரண்ட் போனா மோட்டார் ஓடாது, தண்ணியும் போச்சு. கார்டு மெஷின் வேலை செய்யாது, கையில கேஷ் வேணும். ஜெனரேட்டர கராஜ்ல கூட ஓட்டாதீங்க ப்ளீஸ், வீட்ட விட்டு 20 அடி தள்ளி வெளிய வைங்க, அந்தப் புகையில வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, புயல் தப்பிச்சவங்க அதுல செத்திருக்காங்க.

ரோட்டுல தண்ணி ஓடுதுன்னா காரத் திருப்பிடுங்க, ஓடற தண்ணி ஒரு அடி இருந்தாலே சின்ன கார இழுத்துட்டுப் போயிடும். வெள்ளம் பல தடவ ராத்திரில தான் வருது, அதனால புயல் வர்ற அன்னைக்கு மட்டும் ஃபோன சைலன்ட்ல போடாதீங்க, டவர் போயிட்டா ஃபோனும் உதவாது, வானிலை எச்சரிக்கை சொல்ற, பேட்டரில ஓடற வெதர் ரேடியோ ஒண்ணு படுக்கற ரூம்லயே இருக்கட்டும்.