கீறல் இல்லாத காயத்துக்கு இழப்பீடு கிடைக்குமா?

கேள்வி: என் கணவர் தொழிற்சாலையில் பிரஸ் இயந்திரம் இயக்குகிறார். நான்கு மாதங்களுக்கு முன் பக்கத்து இயந்திரத்தில் நண்பரின் கை சிக்கி நசுங்கியது. ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்தியவர் இவர்தான். அன்று முதல் தூக்கமில்லை. அந்தச் சத்தம் கேட்டாலே உடல் நடுங்குகிறது. வேலைக்குப் போகாததற்கு மெமோ வந்துவிட்டது. இழப்பீடு கேட்டால், "உங்கள் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லையே" என்கிறார்கள். ராஜினாமா செய்யப்போவதாகச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: ராஜினாமா இப்போது வேண்டவே வேண்டாம். வேலையை விட்ட பிறகு கேட்கும் இழப்பீட்டைப் பல இடங்களில் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள்.

கீறல் இல்லை என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பியது எனக்குக் கோபத்தையே தருகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில் மனநலக் கோளாறுகளும் உள்ளன. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய் அதில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. உங்கள் கணவருக்கு இருப்பது அதுதானா என்பதை மனநல மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பட்டியல் எந்த நிர்வாகத்தையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. மனப்பாதிப்பு மட்டும் இருந்தாலும் ஏற்கும் சட்டங்கள் உண்டு, உடற்காயமும் வேண்டும் என்பவையும் உண்டு. விண்ணப்பிக்கக் கெடுவும் இருக்கும். தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் வழக்கறிஞரிடமோ இந்த வாரமே கேளுங்கள்.

வழக்கு என்று வந்தால், நிர்வாகம் அந்த மெமோவைத்தான் கையில் எடுக்கும். "விபத்தால் அல்ல, ஒழுங்கு நடவடிக்கைக்குப் பயந்துதான் இவருக்கு மனம் கெட்டது" என்பார்கள். நியாயமான நிர்வாக நடவடிக்கையால் வந்த மனவருத்தத்துக்குச் சில நாடுகளின் சட்டங்கள் இழப்பீடு தருவதில்லை. ஆகவே எது முதலில் வந்தது என்பதுதான் உங்கள் வழக்கின் உயிர். தூக்கம் போன நாள், இயந்திரத்தின் அருகே நிற்க முடியாமல் திரும்பிய நாள், அன்று அவர் யாரிடம் சொன்னார் என்பதையெல்லாம் தேதியோடு எழுதிவையுங்கள். அக்காலத்தில் அனுப்பிய செய்திகளை அழிக்காதீர்கள். மருத்துவரிடம் விபத்தை முழுமையாக விவரிக்கச் சொல்லுங்கள். சான்றிதழில் "மன உளைச்சல்" என்ற ஒற்றைச் சொல் போதாது. நோயின் பெயர், தொடங்கிய காலம், விபத்தோடு உள்ள தொடர்பு, எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்பவை இருக்க வேண்டும். முன்பு எப்போதாவது மனநலச் சிகிச்சை எடுத்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். பழைய நோயை வேலை மோசமாக்கியது என்று காட்டினாலும் பல இடங்களில் ஏற்கிறார்கள். மறைத்தது தெரிந்தால் உண்மையும் எடுபடாது.

மெமோவுக்குப் பதில் எழுதாமல் விடாதீர்கள். விபத்து நடந்த தேதியையும் சிகிச்சை விவரத்தையும் குறிப்பிட்டு, மருத்துவ விடுப்பு கேட்டு, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்துடன் நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.